நுகர்வோர் கேள்வி-பதில்: குளிர் ஊருக்குக் குடிபோகலாமா?

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு சகோதரி): அண்ணன், மனிற்றோபா மாகாணத்தின் பரிந்துரையில் எங்களுக்குக் கனடா நிரந்தர வதிவிடம் கிடைத்திருக்கிறது. அந்த மாகாணத்தின் தலைநகர் வின்னிபெக்கில் அவருக்கு வேலையும் சரிவந்துவிட்டது. மகளுக்கு நாலு வயது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், “வின்னிபெக்கா? விறைச்சுப் போவீங்க, பேசாம இங்க வந்து எங்கட பேஸ்மென்ற்ல இருங்க” என்கிறார். கடற்கரைக் காற்றில் வளர்ந்த எங்களால் மைனஸ் முப்பதைத் தாங்க முடியுமா? எங்கே போனால் செலவு குறையும்?

பதில்: தங்கச்சி, உங்கள் மச்சான் குளிரைக் கூட்டிச் சொல்லவில்லை. சனவரியில் வின்னிபெக்கின் சராசரியே மைனஸ் 16 பாகை அளவில் இருக்கும், இரவில் மைனஸ் 30 வருவது புதினமில்லை, காற்றும் சேர்ந்தால் மைனஸ் 40 போல உறைக்கும். காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் அந்த எண் மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடா வானிலைத் துறை சொல்கிறது. ரொறன்ரோவில் அதே மாதம் மைனஸ் 4 அளவில்தான். ஆனால் அந்த வெளிக்குளிரில் நீங்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறீர்கள்? மிச்சப் பொழுதெல்லாம் வீட்டுக்குள், பஸ்ஸுக்குள், கடைக்குள். அதனால் நான் முதலில் கேட்பது, வீட்டுக்குள் எத்தனை பாகை, அந்தச் சூட்டுக்கு யார் காசு கட்டுவது என்பதைத்தான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் பேஸ்மென்ற் (வீட்டுக்குக் கீழே நிலத்துக்குள் இருக்கும் தளம்) யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பல வீடுகளில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேல்வீட்டுச் சுவரில், வீட்டுக்காரர் கைக்குள் இருக்கும். அவர்கள் காலையில் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போனால், கீழே சிமெந்துத் தரையில் விளையாடும் பிள்ளைதான் பகல் முழுக்க நடுங்கும். குளிர்காலத்தில் வாடகை வீட்டைக் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்று ரொறன்ரோ மாநகரத்தில் விதியே இருக்கிறது, சரி, ஆனால் சொந்த மச்சானிடம் விதி பேசிக் குடியிருக்க முடியுமா? இன்னொன்று, அந்தப் பேஸ்மென்ற் அனுமதி பெற்றதா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கை மணி பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் கேட்டாக வேண்டிய விடயங்கள், சொந்தம் என்றால் கேட்கவே வாய் வராது.

வின்னிபெக்கில் மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் சூடும் தண்ணீரும் வாடகைக்குள் அடங்கிவிடும். விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தனி வீடு எடுப்பதென்றால் கடந்த பன்னிரண்டு மாதக் கேஸ், கரண்ட் பில்களைக் கேட்டு வாங்குங்கள், ஆவணி மாதத்துப் பில் ஒன்றைக் காட்டி “இவ்வளவுதான் வரும்” என்றால் நம்பாதீர்கள். நீர்மின்சாரம் என்பதால் மனிற்றோபாவில் கரண்ட் கனடாவிலேயே மலிவான பக்கம். குளிர்காலத்தில் பில் ஏறி வெயில் காலத்தில் இறங்குவதை மாதாமாதம் ஒரே அளவாகப் பிரித்துக் கட்டும் ஏற்பாடும் மனிற்றோபா ஹைட்ரோ என்ற அங்குள்ள கரண்ட், கேஸ் நிறுவனத்தில் உண்டு, புதிதாகப் போகும் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. வாடகையும் ரொறன்ரோவைவிடக் குறைவு, வீடு வாங்கும் நாளில் விலை பாதிக்கும் கீழே.

வீடு பார்க்கப் போனால் உங்கள் கையையே கருவியாக்குங்கள். ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பில் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள், ஊசி குத்துவதுபோல் காற்று வந்தால் அந்த வீடு சூட்டை வெளியே விடுகிறது. கண்ணாடியின் உட்பக்க மூலையில் ஐஸ் பிடித்துக் கிடந்தாலும் அதேதான். தரையோரத்தில் சூடு வரும் வாசல்களை எல்லா அறையிலும் தொட்டுப் பாருங்கள், பிள்ளை படுக்கப் போகும் அறையில் முக்கியமாக.

கூடுதல் செலவுகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். கார் இல்லாமல் அங்கே குளிர்காலம் கடினம். பழைய கார் வாங்கும்போது முன்பக்கத்தில் ஒரு பிளக் வயர் தொங்குகிறதா என்று பாருங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க இரவில் கரண்டில் செருகும் வயர் அது, அது வேலை செய்யாவிட்டால் மைனஸ் முப்பதில் காலையில் கார் கிளம்புவது சந்தேகம். வீட்டுத் தரிப்பிடத்தில் அதற்கான பிளக் வாசல் உண்டா என்றும் கேளுங்கள். வின்ரர் ரயர் வேறு வாங்க வேண்டும், 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயர் இறுகிப் பிடிமானம் இழந்துவிடும். மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த அடையாளம் இருப்பதை மட்டும் வாங்குங்கள். பிள்ளையின் பனி உடுப்பைப் புதிதாக வாங்காதீர்கள், அடுத்த வருடம் போடாது, பாவித்த உடுப்புக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும்.

உங்களுக்காக நான் கவலைப்படுவது தனிமையை நினைத்து. மார்கழியில் பகல் எட்டு மணித்தியாலம்தான், நாலரைக்கெல்லாம் இருட்டும். அவர் வேலைக்குப் போய்விடுவார், நீங்கள் பிள்ளையோடு நாலு சுவருக்குள். ரொறன்ரோவில் எட்டி நடந்தால் தமிழ்க் கடை, ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பத்து வீடு கூடும், வின்னிபெக்கில் நம் சனம் குறைவு. அதனால் வாடகை கொஞ்சம் கூடினாலும் பஸ் பாதைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிட்ட வீடு எடுங்கள், முதல் வருடத்திலேயே நீங்களும் லைசன்ஸ் எடுங்கள், அந்தச் செலவைப் பின்போடாதீர்கள். வெயில் விழும் நாட்கள் அங்கே குளிர்காலத்திலும் நிறைய உண்டு என்பது ஒரு ஆறுதல். விற்றமின் டி பற்றி மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நம் தோல் நிறத்துக்கு அந்தச் சூரியன் போதாது.

என் முடிவு: வேலை கையில் இருக்கிற இடத்துக்குப் போங்கள். நிரந்தர வதிவாளர் எந்த மாகாணத்திலும் வாழலாம் என்பது கனடா அரசியலமைப்புச் சாசனத்தின் 6ஆம் பிரிவு தரும் உரிமை, பிற்காலத்தில் மாற நினைத்தால் மாறலாம். ஆனால் மனிற்றோபாவில் இருப்போம் என்று சொல்லிப் பரிந்துரை வாங்கிவிட்டு, ஆரம்பத்திலேயே வேறு எண்ணத்தோடு ரொறன்ரோவில் இறங்குவது பொய்த் தகவல் கொடுத்ததாக எடுக்கப்படலாம். அந்த வம்பு வேண்டாம்.

(ரொறன்ரோப் பக்கம் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். வீட்டைச் சூடாக்கும் அடுப்பும் வெந்நீர்த் தாங்கியும் சொந்தமா, மாத வாடகையா என்று எழுத்தில் கேளுங்கள். வீடு தேடி வந்து இவற்றைத் தலையில் கட்டுவதை ஒன்ராறியோ 2018இலேயே தடைசெய்தது, அந்த வாடகைக்காக வீட்டின் உறுதியில் கடன் பதிவு போடுவதையும் 2024இல் நிறுத்தியது. ஆனாலும் பழைய ஒப்பந்தத்தோடு விற்பனைக்கு வரும் வீடுகள் இருக்கின்றன.)

கேள்வி (களுவாஞ்சிகுடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): கச்சான் காற்று வீசும் மாதங்களில் மனைவியால் இங்கே இருக்க முடியவில்லை. உடம்பு கொதிக்கிறது, நித்திரை இல்லை. ஒரு துண்டு காணியை விற்று நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ சின்ன வீடு வாங்கினால் என்ன?

பதில்: சேர், காணியை விற்காதீர்கள். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதுவும் ஏப்ரலில் வேண்டாம். ஏப்ரல் நுவரெலியாவின் திருவிழா மாதம், வாடகையும் பொய், காலநிலையும் பொய். ஆடி மாதத்தில் இரண்டு கிழமை, சனவரியில் இரண்டு கிழமை இருந்தால் போதும், ஊரின் முகம் தெரியும். நமக்குக் கச்சான் அனலாக வருகிறதே, அதே தென்மேற்குக் காற்று மலையில் மழையைக் கொட்டிவிட்டுத்தான் வெறுங்காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. ஆகவே நாம் வேகும் அதே நாட்களில் நுவரெலியா தூறலிலும் புகாரிலும் ஊறிக் கிடக்கும். பண்டாரவளை ஊவாப் பக்கம் என்பதால் அப்போது காய்ந்தும் இருக்கும், உயரமும் குறைவு, வயதானவர்களுக்கு அதுவே தோது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு, சனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் உறைபனியே விழும். வின்னிபெக்கோடு ஒப்பிட்டால் இது குளிரே இல்லை என்று தோன்றும், ஆனால் அங்கே வீட்டுக்குள் 21 பாகை, இங்கே இராத்திரியில் வீட்டுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டுதான். சூடேற்றும் வசதி வைத்துப் பெரும்பாலும் யாரும் இங்கே வீடு கட்டுவதில்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு அந்த ஈரக் கூதல் இராத்திரியில் எலும்புக்குள் இறங்கும். ஹீற்றர் வைத்தால்? 2,000 வோற்ஸ் ஹீற்றர் ஒன்று ஐந்து மணித்தியாலம் ஓடினால் ஒரு நாளைக்குப் பத்து யூனிட், மாதம் முந்நூறு. 180 யூனிட்டைத் தாண்டினால் கடைசிப் படிக்கட்டணம், ஓய்வூதியத்தில் அதைத் தாங்க முடியாது. நூறு வோற்ஸ் அளவில் ஓடும் கரண்ட் போர்வை ஒன்று எவ்வளவோ மேல்.

பார்க்கப் போகும் வீட்டில் அலுமாரியை ஒரு முழம் இழுத்துப் பின்பக்கச் சுவரைப் பாருங்கள், புதிதாகப் பெயின்ற் அடித்த வீடாக இருந்தாலும் அங்கே கறுப்புப் பூஞ்சணம் தன்னைக் காட்டிவிடும். அலுமாரியைத் திறந்து மணந்தும் பாருங்கள். அம்மாவின் பட்டுச் சீலைகளும் உங்கள் புத்தகங்களும் அந்த ஈரத்துக்குள்தான் இருக்கப் போகின்றன, முட்டு (ஆஸ்துமா) உள்ளவர் வீட்டில் யாரும் இருந்தால் அந்தப் பூஞ்சணமே போதும் வருத்தம் கூட.

அடுத்தது நிலம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதும், 2025 நவம்பரில் தித்வா புயலோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் சரிந்ததும் நாமெல்லோரும் அறிந்தவை. முற்பணம் கொடுக்க முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலச்சரிவு வரைபடத்தில் அந்தத் துண்டு எந்த நிறத்தில் விழுகிறது என்று விசாரியுங்கள், கட்டிய வீடென்றால் அவர்களின் இடர் மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். பண்டாரவளைப் பக்கம் கிணறு வற்றாமல் இருக்கிறதா, சுவரில் வெடிப்பு உண்டா என்று அயலாரிடம் பேசுங்கள், உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் கசிந்ததில் அந்தப் பக்கம் பல கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தன. உறுதியைக் காணிப் பதிவகத்தில் சட்டத்தரணி முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், அரச அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணி போல் விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நன்மையும் சொல்கிறேன். மரக்கறி மலிவு, தமிழ் பேசும் சனம் சுற்றிவர இருக்கும், பண்டாரவளையென்றால் பதுளைப் போதனா வைத்தியசாலை அருகில். ஆனால் மனைவிக்கு வேண்டியது வருடத்தில் மூன்று நான்கு மாதத்து நித்திரை மட்டும்தானே, சேர். உங்கள் வீடு சீற் கூரையென்றால் அதன் கீழே வெப்பம் தடுக்கும் பளபளத் தாளோடு சீலிங் அடித்து, படுக்கையறைக்கு மட்டும் இன்வேர்ட்டர் ஏசி ஒன்று போட்டுப் பாருங்கள். பில் ஏறத்தான் செய்யும், ஆனால் காணி கையில் இருக்கும். அப்புறமும் முடியாவிட்டால் வீட்டை வாடகைக்குக் கொடுத்து, பதுளை வீதியால் ஏறிப் போய் பண்டாரவளையில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்.

கேள்வி (ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா): மகளின் பிள்ளைப்பேற்றுக்கு சனவரியில் சூப்பர் விசாவில் (கனடாவில் பிள்ளைகளோடு பெற்றோர் நீண்ட நாள் தங்கும் விசா) ரொறன்ரோ போகிறேன். ஆறு மாதம் நிற்பேன். ஜக்கெற் எங்கே வாங்குவது தம்பி?

பதில்: இங்கே வாங்காதீங்க அம்மா. நம் கடைகளில் தொங்கும் தடித்த ஜக்கெற் நுவரெலியாவுக்குக் காணும், ரொறன்ரோக் காற்றுக்குக் காணாது. ஒரு கோட்டும் தொப்பியும் விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லி மகளிடம் சொல்லிவிடுங்கள். இங்கிருந்து கம்பளிக் காலுறை, சீலைக்குள் போட இறுக்கமான நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து, இவ்வளவும் போதும். பருத்தி உடுப்பு ஈரமானால் குளிரை இழுக்கும், அதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். விரல் பிரிந்த கையுறையைவிட விரல் சேர்ந்தது சூடு. குளிர்காலப் பொருட்கள் மாசி, பங்குனியில் விலை இறங்கும், சப்பாத்து வாங்குவதென்றால் அப்போது வாங்கட்டும்.

நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய இடம் காப்புறுதி. சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலர் மருத்துவக் காப்பு, ஒரு வருடத்துக்கு, கட்டாயம். மலிவானதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். சீனி, பிறஷர் இருந்தால் அது ஏற்கெனவே உள்ள வருத்தமாகக் கணக்காகும், பல ஒப்பந்தங்களில் அந்த வருத்தம் குறிப்பிட்ட காலம் மாறாமல் இருந்தால்தான் காசு தருவார்கள், இடையில் மாத்திரை அளவு மாறியிருந்தாலும் தட்டிக் கழிக்க இடமுண்டு. கடைசியாக மாத்திரை மாற்றிய திகதியை கிளினிக் கொப்பியில் பார்த்து அவர்களிடம் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதத்தில் திரும்பினால் மிச்ச மாதக் காசு திருப்பித் தருவார்களா என்பதையும் கட்டும் முன்னரே கேளுங்கள், இடையில் எதற்கும் காசு கோராமல் இருந்தால் தருகிற கொம்பனிகள் இருக்கின்றன.