விடுமுறை நாளில் புத்தகம், செடி என்று வீட்டிலேயே இருப்பது சோம்பலா?

கேள்வி: விடுமுறை நாள்களில் எங்கும் போகாமல் புத்தகம், செடி, கைவேலை என்று வீட்டிலேயே இருக்கிறேன். அமைதியான பொழுதுபோக்குகள்தான் எனக்குப் பிடிக்கும். வீட்டில் உள்ளவர்களோ "சும்மா கிடக்கிறாய்" என்கிறார்கள். இது சோம்பலா?

பதில்:

உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். அந்தச் "சும்மா" என்ற சொல்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

உங்களை இருபதுகளில் இருக்கும் பெண் என்று எடுத்துக்கொள்கிறேன். வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். "நாலு பேரோடு பழகத் தெரியவில்லை" என்பது அடுத்த புகாராக வரும். நீங்கள் ஆணாக இருந்தால் மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோபாவில் படுத்திருக்கும் ஆண்களை எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

எனக்கு 56 வயது. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்துவிட்டு 2022-இல் வேலையை விட்டேன். அன்றிலிருந்து உறவில் யாருக்கு மருத்துவமனையில் துணை வேண்டுமானாலும், யார் வீட்டுக்கு மர வேலைக்கு ஆள் வந்தாலும், முதலில் என் பெயர்தான் வரும். "அவள் சும்மாதானே இருக்கிறாள்." போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் எதிர் வரிசையில் இருந்துகொண்டு, "அண்ணிக்கு என்ன, புத்தகமும் பூந்தொட்டியுமாகச் சும்மா இருக்கிறார்" என்றார். பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். அடைப்பிரதமன் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அமைதியான பொழுதுபோக்கு என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டில் அமைதியாக எதுவும் நடந்ததில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், நான்கே வீடுகள் கொண்ட சிறிய அடுக்ககத்தின் தரைத்தளம். 2023 டிசம்பர் 4 காலை, மிக்ஜாம் புயல் மழையில், வாசல்படி ஏறி வந்த தண்ணீர் மதியத்துக்குள் முழங்காலைத் தொட்டது. அம்மாவையும் அரிசி டப்பாவையும் மாடி வீட்டுக்கு ஏற்றினோம். கியாஸ் சிலிண்டர் சமையலறையில் மிதந்தது. நான் மறந்தது புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை. கனமான புத்தகங்களைக் கீழே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி சாயும் என்று ஒழுங்காக அடுக்கி வைத்தவள் நான்தான்.

அந்தத் தட்டில் இருந்தவை அம்மாவின் ஐந்து பைண்டு தொகுப்புகள். அம்மா கல்யாணமாகி வந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு. ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வார இதழ் வாங்குவார்களாம். ஆறு வீடும் சுற்றி முடித்த பிறகுதான் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துக்கொள்ள அம்மாவுக்கு உரிமை. எண்ணெய் விரல், குழந்தையின் கிறுக்கல், ஓரத்தில் பால் கணக்கு எல்லாமாக வந்து சேரும். வருடக்கணக்கில் சேர்த்து, ஒரு பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ என்ற பைண்டிங் துணியில் முதுகு வைத்துத் தைத்து வாங்கியவை. படித்துப் படித்து எனக்குப் பின்பக்கத்து விளம்பரங்கள்கூட மனப்பாடம். கதையைவிட அந்தப் பல்பொடிக்காரரின் பல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தண்ணீர் வடிந்து தட்டைத் திறந்தபோது ஐந்தும் ஊறிய உளுந்தைப் போல இரண்டு மடங்கு பருத்திருந்தன. மைதா பசை கரைந்து ஒழுகியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "போனால் போகட்டும், காகிதம்தானே" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. என் மூக்குத்தி தொலைந்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர் அவர்.

நனைந்த காகிதத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வெயிலில் போட்டால் முறுகிச் சுருண்டுவிடும். நிழலும் காற்றும்தான் வேண்டும். எங்களுக்கோ மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை, காயப்போட உலர்ந்த தரையே இல்லை. முதல் மூன்று தொகுப்புகளின் நூலை வெட்டித் தாள் தாளாகப் பிரித்தேன். ஆறு பழைய வேட்டிகளைக் கிழித்து ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வைத்து ஈரம் வாங்கினேன். மொட்டை மாடிப் படிக்கட்டில் கொடி கட்டி, கொசுவலையை விரித்து, அதன்மேல் பரப்பினேன். என் கணவர் ஒரு நாள் முழுக்க ஒரு சொல் பேசாமல் வேட்டித் துண்டுகளைப் பிழிந்து கொடுத்தார். மறுநாள்தான், "இதில் என் பட்டுக்கரை வேட்டியும் இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது.

மற்ற இரண்டு தொகுப்புகளுக்குக் கை போதவில்லை. நான்காம் நாள் மின்சாரம் வந்தது. எங்கள் குளிர்பதனப் பெட்டி தண்ணீரில் போய்விட்டதால், மாடி வீட்டுப் பெண்ணிடம் கெஞ்சி, இரண்டையும் பிளாஸ்டிக் பைகளில் கட்டி அவருடைய ஃப்ரீசரில் வைத்தேன். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. பிறகு நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். நூலகங்களில் வெள்ளத்துக்குப் பிறகு கையாளும் முறைதான் இது, நான் கண்டுபிடித்ததில்லை. பிப்ரவரி வரை அந்தப் பெண் ஐஸ்கட்டி எடுக்கும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொண்டிருப்பார். என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. மிக்ஸியைச் சரிசெய்யலாம் என்றார் கணவர். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் அட்டை, காலிகோ, தடித்த நூல் வாங்கி வந்தேன். இங்கே ஒருவர் வந்து, "வெள்ளத்தில் மக்கள் சாப்பாட்டுக்குத் தவித்தபோது உங்களுக்குக் காலிகோவா?" என்று எழுதுவார். ஐயா, நாங்களும் அதே வெள்ளத்தில்தான் இருந்தோம். பால் பாக்கெட் கிடைக்காமல் என் அம்மா மூன்று நாள் கடுங்காப்பி குடித்தார். மிக்ஸி இல்லாமல் நான்கு மாதம் அம்மியில்தான் அரைத்தோம், அரைத்தவளும் நான்தான். இரவில் அதே அம்மிக்கல், தைத்த தொகுப்பின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். தேங்காய்த் துவையல் வாசனை முதல் தொகுப்பில் இன்னும் லேசாக இருக்கிறது.

பைண்டிங்கை அம்மா சொல்லச் சொல்லக் கற்றேன். அவர் செய்தவர் இல்லை, பைண்டர் கடை வாசலில் நின்று பார்த்தவர். மைதா பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் கிளற வேண்டும், பூச்சி அண்டாது. அது விஷம். அந்தப் பாத்திரத்தைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அலமாரியில் ராமபாணம் என்ற புத்தகப் பூச்சி வராமல் இருக்க வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைக்கிறேன். முதல் தொகுப்பை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். முதுகு இப்போதும் கோணல்தான். இரண்டாவது பரவாயில்லை.

செடிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுற்றுச்சுவர் ஓரம் இரண்டடி மண்ணில் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு கறிவேப்பிலை. மொட்டை மாடியில் முப்பது தொட்டிகள் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த வருடம், அரிசி களைந்த தண்ணீரில் நான்கு தொட்டிகளைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்கே குடத்தோடு நிற்பவர்கள் முன்னால் செடிக்கு ஊற்றுகிறாள் என்று பேச்சு வாங்கினேன். மாவுப்பூச்சி, அதைத் தேடி எறும்பு, அதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல், எல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

பூச்சிக்கு மருந்து இருக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சி என்ற பெயரில் கையில் பையோடு வருகிறவர்களுக்கு என்ன மருந்து? கொக்கி கட்டிய கம்பு கொண்டு வருகிறார் ஒருவர். ஓய்வு பெற்ற அதிகாரியாம். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் சுவர்மேல் ஒரு காலை வைத்து, கிளையை இழுத்து, மொட்டைக்கூட விடாமல் பறிக்கிறார். கேட்டால், "சாமிக்குத்தானே அம்மா." என் வீட்டில் சாமி இல்லையா? உரம் நான் வாங்குவேன், எறும்புக் கடி நான் வாங்குவேன், புண்ணியம் மட்டும் அவருக்கா? "பூப்பறிக்காதீர்கள்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன், காலிகோ ஓரம் வைத்து, அழகாக. மறுநாள் அட்டையையும் காணவில்லை. தெருவில் இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். புத்தகம் படிக்கிறவளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கேள்விக்கு வருகிறேன். சோம்பல் இல்லை. ஆனால் வீட்டில் அதை நிரூபிக்க முயலாதீர்கள். நான் முயன்றேன். தைத்து முடித்த இரண்டாம் தொகுப்பை நாத்தனாரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது அண்ணி!" என்றார்.

நான்காம் தொகுப்பில் பதினோரு தாள்கள் மட்டும் பிரியவே இல்லை. எப்படி எடுத்தாலும் கிழிகிறது. கதையில் அண்ணன் வீட்டை விட்டுப் போகும் இரவில் தங்கை அவனிடம் என்ன சொன்னாள் என்பது அந்தத் தாள்களுக்குள் இருக்கிறது. எனக்குப் பல்பொடி விளம்பரம்தான் நினைவிருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய இதழ்களுக்குப் பேர்போன இடம், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்று கணவர் ஒரு வருடமாகச் சொல்கிறார். நான் அம்மாவைத்தான் கேட்கிறேன். மறந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். போன வாரம் கேட்டபோது தங்கை அண்ணனைச் சபித்தாள். நேற்று, கையில் இருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.