பத்து வெள்ளிச் சீட்டு

அன்புள்ள அண்ணா,

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உலகக் கிண்ணக் காற்பந்து வந்தால் எங்கள் பிரிவில் ஆளுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) போட்டு, நாடுகளின் பெயரை எழுதிக் குலுக்கி எடுப்போம். கிண்ணத்தை வெல்லும் நாட்டின் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே முழுப் பணமும். 2026 போட்டியில் 48 நாடுகள் என்பதால் 48 பேர். வசூலும் கணக்கும் என் பொறுப்பு; ஒரு காசும் எடுப்பதில்லை. பாதிப் பணம் வசூலான நிலையில், “இது சூதாட்டம், வேலையும் கெடுகிறது” என்று மனிதவளப் பிரிவு தடுத்துவிட்டது. மாதாமாதம் எல்லோரும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டு பிடிப்பது போலத்தானே இதுவும்? இதில் என்ன தவறு?

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

கூட்டு உங்களுக்குத் துணைக்கு வராது. கூட்டு நடத்துவதைத் தடுக்கவே மலேசியாவில் 1971-இல் ஒரு சட்டம் வந்தது. நம்முடைய அந்தச் சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறியிருக்கிறது.

பந்தயத்துக்கு 1953-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பந்தயப் பணத்தை வாங்குகிறவர் தனக்காக வாங்கினாலும் பிறருக்காக வாங்கினாலும் அதன் கண்ணில் புக்கிதான், அதாவது பந்தயம் நடத்துகிறவர்தான். தண்டனை, 20,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும். பத்து வெள்ளிச் சீட்டுக்காகப் போலீஸ் வருமா என்று கேட்பீர்கள். வராமல் போகலாம். குலுக்கல் அந்த வரையறைக்குள் அடங்காது என்று வழக்குரைஞர் வாதாடவும் இடமுண்டு. ஆனால் பெயரும் தொகையும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது, அந்த வாதத்துக்கு நீங்கள் ஏன் ஆளாக வேண்டும்? உங்கள் பிரிவின் முஸ்லிம் ஊழியர்களுக்கோ ஷரியா சட்டப்படி சூது தனிக் குற்றம். அவர்களையும் சேர்த்து இழுக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது; பந்தயத்துக்காக ஒருவரிடம் நம்பிக் கொடுத்துவைத்ததைக் கேட்டும் போட முடியாது. நாளை நீங்கள் கையை விரித்தால் அந்த 48 பேருக்கும் போக்கிடம் இல்லை. உங்கள் நாணயத்தை நான் சந்தேகிக்கவில்லை, தம்பி. ஆனாலும் அவர்களுடைய நிலைமை அதுதான்.

2006-இல் நானும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தேன். அங்கும் இதே 10 வெள்ளிச் சீட்டு. 32 நாடுகள், 320 வெள்ளி. எனக்குப் பக்கத்தில் வேலை செய்த அக்காவுக்குக் காற்பந்தே தெரியாது. சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். அக்கா கையுறையைக் கழற்றினார். நான்காக மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, மடிப்பை ஒருமுறை தடவிவிட்டு நீட்டினார். வாரக் கடைசியில் யாருக்கு ஓவர்டைம் என்ற பட்டியலும் அதே நோட்டில்தான் இருந்தது. அவரால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

இறுதி ஆட்டம் நமக்கு ஜூலை 10, விடியற்காலை 2 மணிக்குத் தொடங்கியது. பிரான்சின் ஜிடான் எதிரணி வீரரைத் தலையால் முட்டியபோது கேண்டீனில் இருந்தவர்களில் பாதிப் பேர் உற்பத்தி லைனில் இருக்க வேண்டியவர்கள். சீட்டே இல்லாவிட்டாலும் அங்கேதான் இருந்திருப்பார்கள். ஆட்டம் பார்ப்பதால் வேலை கெடுகிறது என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் கெடுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது.

சரியாகாத ஒன்று நடந்தது. இத்தாலி வென்றது, இத்தாலிச் சீட்டு சூப்பர்வைசரிடமே இருந்தது. குலுக்கல் எங்கள் கண்முன் நடந்தது. அதில் ஏமாற்று இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் யாரும் நம்பவில்லை, வாய் திறந்து கேட்கவும் இல்லை. அதுவரை சால்டர் (பற்றவைப்பு) சரியாகப் பிடிக்காத மின்சுற்றுப் போர்டைக் கண்டால் கையைத் தூக்கி அவரைக் கூப்பிடுவோம். அதன்பிறகு பேசாமல் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டோம். நானும் தள்ளினேன். மனிதவளப் பிரிவு கணக்குப் பார்க்க வேண்டியது அந்தப் போர்டுகளைத்தான்.

உற்சாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கேண்டீனில் ஒரு பலகை வைத்து, காசில்லாமல் ஆட்ட முடிவுகளைக் கணிக்க விடுங்கள். பரிசை நிறுவனத்திடம் கேளுங்கள். வருகிறவர்கள் விரும்பி வரட்டும். வாங்கிய பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே லைனுக்குப் போய், ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.