ராத்திரி 11 மணிக் கோர்ட்

(மாவட்ட முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாகச் சேர்ந்து மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் சட்டம் கடைசி வருடம் படிக்கிறாள். முடித்ததும் நேராக ஜட்ஜ் தேர்வு எழுதலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இனிமேல் முடியாதும்மா. 2002-இல் திறந்துவிட்ட அந்த வழியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. சிவில் ஜட்ஜ் ஆவதற்கு 3 வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு ஓடும். அதனால் படிப்பு முடிந்த கையோடு பார் கவுன்சிலில் பதிவு செய்துவிடச் சொல்லுங்கள்.

எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், "சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும்" என்று சொல்லித் திட்டு வாங்கியவனுக்குத்தான் பின்னாளில் எந்த வாய்தா நிஜம், எது சால்ஜாப்பு என்று தெரியும். என்ன, ஜூனியர் கையில் வரும் காசு பஸ்ஸுக்கும் டீக்குமே சரியாகப் போகும். அந்த மூன்று வருடமும் வீடுதான் தாங்க வேண்டும்.

அப்புறம், டி.என்.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்ய வேண்டாம். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும். சொத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிடும்.

கேள்வி: தூக்குத் தண்டனை எழுதியதும் பேனா முனையை உடைப்பீர்களாமே? – வாசகர், திண்டுக்கல்

பதில்: சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது, சிலர் வைத்துக்கொண்ட வழக்கம். செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதினாலும் ஹைகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. எனக்கு அப்படி எழுத வேண்டி வரவில்லை. வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவன் நான்.

கேள்வி: கைதியை ராத்திரியில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிப் போகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போடுவதுதானே நடக்கிறது? – வாசகர், சிவகாசி

பதில்: கோபத்தில் கேட்டாலும் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதற்கும் விலக்கு இல்லை. அதனால் வீட்டுத் திண்ணையும் கோர்ட்தான். (லுங்கியோடு வெளியே வராதீர்கள் என்று என் கோர்ட்டின் தலைமை குமாஸ்தாவான சிரஸ்தார் முதல் நாளே சொல்லிவைத்தார்.)

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ராத்திரி 11 மணிக்கு ஜீப் வந்து நின்றது. சைக்கிள் திருட்டு. பையனுக்கு இருபது வயது இருக்கும். காவலில் வைக்கச் சொல்லி போலீஸ் தரும் ரிமாண்ட் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. "அடித்தார்களா?" என்றேன். "இல்லைங்கய்யா" என்றான். 15 நாள் ரிமாண்ட், கையெழுத்துப் போட்டுவிட்டேன். படி இறங்கும்போதுதான் கவனித்தேன். வலது காலை ஊன்றாமல், சுவரைப் பிடித்தபடி இறங்கினான்.

திரும்பக் கூப்பிட்டேன். போலீஸ்காரர்களைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டுப் பையனை உட்காரவைத்து மறுபடி கேட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தான். அப்புறம் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினான். பார்த்ததை எழுதி, முதலில் அரசு ஆஸ்பத்திரி, பிறகு சிறை என்று உத்தரவு போட்டேன்.

அடித்தவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே "அடித்தார்களா" என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு எந்த ரிமாண்டாக இருந்தாலும் முதலில் போலீஸை வெளியே அனுப்புவேன், அடுத்து கைதியை நாலு எட்டு நடக்கச் சொல்வேன். பேப்பரைக் கையில் வாங்குவது அதற்கப்புறம்தான்.

கேள்வி: ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் நீதிபதிகள் வருவதில்லையே, தலைக்கனமா? – வாசகி, நாமக்கல்

பதில்: பயம்! பந்தியில் பக்கத்து இலைக்காரர் நாளைக்கு வாதியாக வந்து நிற்பார். ஓர் ஊரில் மளிகைக் கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் லிஸ்ட்டில் அவர் பெயர், கடையைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில். அதை வேறு கோர்ட்டுக்கு மாற்றும்படி மாவட்ட நீதிபதிக்கு எழுதினேன். அன்றிலிருந்து அரிசி பருப்பெல்லாம் பக்கத்து ஊரில்தான்.

ஓய்வு பெற்றபின் போன முதல் கல்யாணத்தில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.