நோட்டில் எழுதிப் படித்தால் போதுமா?

கேள்வி: ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகிகளுக்கு நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறேன். கட்டளைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். இது போதுமா?

பதில்: முதலில் நோட்டை மூடி வையுங்கள். விடையை டிக் அடிக்கிற தேர்வு இல்லை இது. லினக்ஸ் கணினியில் வேலையைச் செய்தே காட்ட வேண்டும். 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் கிடையாது, ஆனால் மேன் பக்கங்கள், அதாவது கணினியிலேயே இருக்கும் கட்டளைக் கையேடு, உண்டு. எனவே தேடத் தெரிந்தவர்தான் பிழைப்பார்.

அப்பாச்சி என்ற வலை சர்வரை வழக்கத்துக்கு மாறான போர்ட் எண்ணில் ஓட்டினால், லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் மறிக்கும். அனுமதி தரும் கட்டளை எவ்வளவு நீளம்! எனக்கே நினைவில் நிற்காது. 'செமேனேஜ்-போர்ட்' மேன் பக்கத்தின் எடுத்துக்காட்டுப் பகுதிக்குப் போங்கள். 81-ஆம் போர்ட்டுக்கான முழுக் கட்டளையும் அங்கே இருக்கிறது. எண்ணை மட்டும் மாற்றுங்கள், வேலை முடிந்தது.

பலர் கோட்டை விடுவது ரீபூட்டில். நீங்கள் செய்த அமைப்புகள் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டும் என்பது விதி. ஒரு டிஸ்க் பகுதியைக் கையால் மவுண்ட் செய்து இணைத்தால் அது நிலைக்காது, பூட் ஆகும்போது எவற்றை இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத வேண்டும். எழுதிய கையோடு, பிழை இருக்கிறதா என்று 'மவுண்ட் -ஏ' ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் பகுதியின் அடையாளக் குறியீடான யுயுஐடியில் ஓர் எழுத்து பிசகினாலும், கணினி வழக்கம்போல் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மற்ற வேலைகளும் அம்போ. பின்னணியில் ஓடும் சர்வீஸும் அப்படித்தான்: ஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது, ரீபூட்டுக்குப் பிறகு தானாகத் தொடங்க எனேபிளும் வேண்டும்.

பயிற்சிக்கு இரண்டு மெய்நிகர் கணினிகள் போதும். ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டை மீட்பது மட்டும், கை தானாகப் போகிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அது தெரியாமல் உள்ளேயே நுழைய முடியாமல் போகலாம்.