மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போகலாமா?

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில். பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு, இருவரும் ஒரே பள்ளி. அடுத்த மாதம் எட்டாம் வகுப்பைத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கும், நான்காம் வகுப்பை ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கும் அழைத்துப் போகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் சிலர் கூட வர வேண்டுமாம். நான் பெயர் கொடுக்கிறேன் என்றதும் சின்னவன் குதிக்கிறான். பெரியவனோ, "நீ வந்தா நான் வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன செய்வது?

பதில்: ஊட்டிக்கு நீங்கள் போங்கள். தெப்பக்காட்டுக்கு அவன் அப்பா ஒரு நாள் லீவு போட்டுப் போகட்டும்.

பெரியவன் சொன்னதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்கள்தான் பெயர் கொடுக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன்கள் கழிப்பறைக்குள் போய் நேரமாகியும் திரும்பாவிட்டால், உள்ளே போய்ப் பார்க்க ஓர் ஆண் வேண்டும். வயிறு சரியில்லை, உள்ளாடை நனைந்துவிட்டது என்றெல்லாம் அந்த வயதுப் பையன் நண்பனின் அம்மாவிடம் வாய் திறக்க மாட்டான். மகன்கள் உள்ள வீடுகளில் அப்பாக்கள் இதற்கு முன்வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்பா வருவதற்கும் பெரியவன் முறைக்கலாம். அவனைத் தனியே உட்கார வைத்து, "எது உனக்குச் சங்கடம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும்: வீட்டுச் செல்லப்பெயரை நண்பர்கள் முன் சொல்லக் கூடாது, ஸ்வெட்டர் போடச் சொல்லித் துரத்தக் கூடாது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. அவன் சொல்கிறபடியே ஒத்துக்கொள்ளுங்கள், அன்று முழுக்க அதைக் காப்பாற்றுங்கள். வேறு குழுவைத் தன் பொறுப்பில் தரும்படி அப்பா வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

சின்னவன் விஷயம் இதற்கு நேர்மாறு. அன்று முழுக்க அம்மா தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான். "மிஸ் எனக்குக் குடுக்குற பத்துப் பேரையும் நான் பாக்கணும்டா" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அம்மா வராத பிள்ளைகள் உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் பையில் இருக்கும் முறுக்கு அவனுக்கு மட்டும் என்றால் எல்லாக் கண்களும் பார்க்கும். கொடுத்தால் எல்லோருக்கும், ஒவ்வாமை ஏதும் உண்டா என்று மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு. இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

1848இல் தொடங்கிய அந்தப் பூங்கா மேடும் சரிவுமாகப் பரந்து கிடக்கிறது. புல்சரிவைக் கண்டால் பிள்ளைகள் உருளாமல் இருக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் கல்மரத்தை, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரத்தை, காட்டி, "யாராவது தனியாகிவிட்டால் இங்கே வந்து நில்லுங்கள்" என்று சொல்லிவையுங்கள். இரண்டு கோடி ஆண்டு பழையது என்று சொன்னால் அந்த இடம் மறக்காது. பஸ் கிளம்பும்போது தலையை மட்டும் எண்ணாதீர்கள். அடுத்த குழுப் பிள்ளை ஒன்று ஏறியிருந்தால் எண்ணிக்கை சரியாகவே வரும், உங்கள் பிள்ளை ஒருவன் கீழே நிற்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் பதில் சொன்ன பிறகே டிரைவருக்குச் சரி சொல்லுங்கள்.

தெப்பக்காட்டுப் பயணத்தில் பாதிச் சிரமம் ரோட்டில்தான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். ஊட்டியில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி, கூடலூர் வழியாக ஆயிரம் மீட்டரை ஒட்டி இறங்க வேண்டும், ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கல்லட்டி வழியென்றால் தூரம் குறைவு, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வழி என்று பள்ளியில் இப்போதே கேட்டுவிடுங்கள். வளைவுகளில் உள்காது உடம்பு ஆடுவதை உணர்கிறது. செல்போனையோ முன்சீட்டையோ பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக வருகிறது. அதனால் வாந்தி வரும் பையனை முன்பக்கம் உட்கார வைத்து, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பூரியும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருப்பதால் மூடி போட்ட சின்ன வாளியும் பழைய பேப்பரும் பஸ்ஸில் இருக்கட்டும். மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் மகனுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அந்தப் பையனின் பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தால் ஆசிரியர் கொடுப்பார்.

தெப்பக்காடு இருக்கும் முதுமலைக் காட்டுக்குள் ரோட்டோரம் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கவும் கூடாது. "அவசரம் சார்" என்று ஒரு பையன் நெளிந்தாலும் வழியில்லை. கூடலூரிலேயே எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிட வேண்டும். குரங்கு இருக்கும் இடத்தில் தின்பண்டத்தை வெளியே எடுக்க விடாதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இன்னொன்று, இது பையன்கள்தானே என்று பலரும் அலட்சியமாக விடுவது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளையும் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிறது. உடன் வரும் பெரியவர் யாராக இருந்தாலும், நீங்களும் உங்கள் கணவரும் உட்பட, ஒரு பிள்ளையோடு மட்டும் மறைவான இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. கூட்டத்தில் எடுத்த போட்டோவில் மற்ற பிள்ளைகள் இருந்தால் ஆசிரியருக்கு மட்டும் அனுப்புங்கள்.

பஸ்ஸில் பையன்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். யாருக்கு எத்தனை மார்க், யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதையெல்லாம் உங்கள் கணவர் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், பெரியவன் அடுத்த முறை யாரையும் வர விடமாட்டான். ஒருவனை மற்றவர்கள் சேர்ந்து அடிப்பது, மிரட்டுவது, சிகரெட் என்று ஏதாவது காதில் விழுந்தால் மட்டும், பஸ் பள்ளிக்குத் திரும்பியதுமே வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடட்டும்.