கவுண்டரில் 'ஓட்டுக்கும் பதியட்டுமா?' என்று கேட்டால்...

வாசகர் கேள்வி பதில்

கிரீன் கார்டு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. லைசென்ஸ் புதுப்பிக்க டிஎம்வி (நம் ஆர்டிஓ மாதிரியான மோட்டார் வாகன அலுவலகம்) போயிருந்தேன். போட்டோ எடுத்து முடித்ததும் கவுண்டரில் இருந்த அம்மா, "ஓட்டுக்கும் பதிந்துவிடலாமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் சிட்டிசனா என்றுகூடக் கேட்கவில்லை. பதறிப்போய் வேண்டாம் என்றேன். சரிதானே? எல்லாரையும் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?
*- வாசகி, சார்லட், வட கரோலினா*

சரியோ சரி. பதறாமல் சொல்லியிருந்தால் இன்னும் நன்று, அவ்வளவுதான்.

நம் ஊரில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்வது தேர்தல் ஆணையத்தின் வேலை, சரிபார்க்க பிஎல்ஓ வீடு தேடி வருவார். அமெரிக்காவில் பெயரைச் சேர்ப்பது பெரும்பாலும் அவரவர் பாடு, வீடு மாறினால் மறுபடியும் அவரவர் பாடு. வேலை, குழந்தை என்று ஓடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள், தேர்தல் வாரத்தில்தான் ஞாபகம் வரும், அதற்குள் கெடு முடிந்திருக்கும். அதனால் எப்படியும் ஜனங்கள் வந்து நிற்கிற இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று மிச்சிகன் மாநிலம் 1975-லேயே லைசென்ஸ் அலுவலகத்தில் ஆரம்பித்தது. நாடு முழுக்கக் கொண்டுவர 1992-ல் ஒரு மசோதா நிறைவேறியது, அப்போதைய அதிபர் அப்பா புஷ் அதைத் தடுத்துவிட்டார். அடுத்த வருஷம் மே மாதம் கிளின்டன் கையெழுத்துப் போட்டு, 1995-ல் நடைமுறைக்கு வந்தது. 'மோட்டார் வோட்டர்' சட்டம் என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேட்பது அவர் வேலை, ஆனால் 'நான் அமெரிக்கக் குடிமகள்' என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள். "கவுண்டரில்தான் கேட்டார்கள்" என்று பிற்பாடு சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது. முகத்தைப் பார்த்தோ பேச்சைக் கேட்டோ இவர் குடிமகள், இவர் இல்லை என்று குமாஸ்தாவே தீர்மானிக்க ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது நம்மைப் போன்றவர்கள்தான் என்பதால், எல்லாரையும் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. "நான் சிட்டிசன் இல்லை, வேண்டாம்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

என் மாமனார் கிரீன் கார்டு வைத்திருக்கிறார். டிஎம்வி திரையில் எதையோ தட்டிவிட்டார் போல, வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்திருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா?
*- வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா*

ஐயோ, கிழிக்க வேண்டாம்! அட்டை போனால் பதிவு போய்விடுமா? பத்திரமாக எடுத்து வையுங்கள்.

உங்கள் மாநிலத்தில் 2018-லிருந்து நடைமுறையே வேறு. டிஎம்வி வேலையோடு பதிவும் தானாக நடந்துவிடும், வேண்டாம் என்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆரம்பித்த வருஷமே குளறுபடி. ஏறக்குறைய 1,500 பேரைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள், அதில் குடியுரிமை இல்லாதவர்களும் இருந்தார்கள். அது டிஎம்வி-யே ஒப்புக்கொண்ட தவறு. உங்கள் மாமனார் விஷயத்தில் தவறு யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்துக்கு, தான் குடிமகன் இல்லை, பதிவை ரத்து செய்யுங்கள் என்று எழுத்தில் கொடுத்து, அதன் நகலையும் அவர்கள் பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்பே ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், நான் வக்கீல் இல்லை. ஓட்டு மட்டும் போட்டுவிடக் கூடாது. நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்திலேயே 'எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே 'இல்லை' என்று எழுதினால் முதல் தவறைவிட அது பெரிய தவறாகிவிடும்.

கவுண்டி அலுவலகத்தில் ஃபுட் ஸ்டாம்ப் (ஏழைகளுக்கான உணவு உதவி), மெடிக்கெய்ட் (மருத்துவ உதவி) விண்ணப்பங்களைப் பார்க்கிறேன். ஒருத்தர் பசி என்று வந்து நிற்கிறார், அவரிடம் ஓட்டுப் படிவத்தை நீட்டச் சொல்கிறார்கள். லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்பது போதாதா?
*- பெயர் வேண்டாம் என்ற வாசகர்*

உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் கார் இல்லாதவர் டிஎம்வி-க்கு எதற்குப் போகிறார்? லைசென்ஸ் அலுவலகத்தோடு நிறுத்தியிருந்தால் கார் வைத்திருப்பவர்களுக்கான வசதியாக மட்டும் இது முடிந்திருக்கும்.

இதற்காகவே மல்லுக்கட்டியவர்கள் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் பிவன், ரிச்சர்ட் கிளோவர்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள். உதவித்தொகை வாங்க வரும் ஏழைகளை அங்கேயே பதிய வேண்டும் என்று 1983-ல் ஒரு அமைப்பையே தொடங்கினார்கள். சட்டம் வந்தபோது அதிகம் எதிர்ப்பு கிளம்பியதும் இந்தப் பகுதிக்குத்தான். கடைசியில் உதவி அலுவலகங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகங்கள், ராணுவ ஆள்சேர்ப்பு நிலையங்கள் எல்லாம் உள்ளே வந்தன. நூலகம், பள்ளிக்கூடம் போன்றவற்றை மாநிலங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் என்ன ஆயிற்று? சில வருஷங்களில் பல மாநிலங்கள் இந்தப் பகுதியை மறந்தே போயின, படிவங்கள் அலமாரியில் தூங்கின. மிசௌரியில் வழக்குப் போட்டு 2008-ல் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் உதவி அலுவலகங்களிலிருந்து வரும் விண்ணப்பங்கள் பல மடங்கு ஏறின. அதாவது, ஏழைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது பொய், யாரும் கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

நீங்கள் நீட்டும் தாளில் ஒரு வரி இருக்கும், பாருங்கள்: பதிந்தாலும் பதியாவிட்டாலும் உதவித்தொகையில் மாற்றம் இருக்காது. அந்த வரியை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பசியோடு வந்தவர் எதைப் பார்த்தாலும் 'இதைச் செய்யாவிட்டால் பணம் வராதோ' என்றுதான் நினைப்பார். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பூர்த்தி செய்த படிவத்தைப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், பதிவுக் கெடு நெருங்கிவிட்டால் ஐந்து நாள். மேஜை டிராயரில் போட்டு மறந்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை, அவருக்கு.

படிவத்தில் எந்தக் கட்சி என்று போடுவது எனப் பதிய வந்தவர் கேட்டால், கவுண்டரில் இருப்பவர் யோசனை சொல்லலாமா?
*- வாசகி, எடிசன்*

கூடவே கூடாது. தன் கட்சிச் சார்பைக் காட்டும் பேட்ஜ்கூடக் குத்திக்கொண்டு உட்காரக் கூடாது.

ஆர்லிங்டனிலிருந்து ஹூஸ்டன் வந்துவிட்டேன். லைசென்ஸ் முகவரியை ஆன்லைனில் மாற்றினேன். ஓட்டும் தானாக மாறியிருக்குமா?
*- வாசகர், ஹூஸ்டன்*

தானாக மாறியிருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். சான் அன்டோனியோவுக்கு மாறிய ஒரு ஆசிரியர் 2014-ல் இதே மாதிரி ஆன்லைனில் முகவரி மாற்றிவிட்டு ஓட்டுப் போடப் போனார், பெயர் இல்லை. நேரில் போனால் பதிகிறார்கள், இணையத்தில் போனால் பதிய மறுக்கிறார்கள், இது என்ன நியாயம் என்று வழக்குக்குப் போனார். மேல்முறையீட்டில் ஒருமுறை தோற்று, மறுபடி வீடு மாறி, மறுபடி வழக்காடி, 2020-ல் ஜெயித்தார். அதனால்தான் இன்றைக்கு டெக்சாஸில் லைசென்ஸ் வேலையை ஆன்லைனில் செய்யும்போது பதிவும் செய்ய முடிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மாநிலத் தளத்தில் உங்கள் பதிவு எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தேர்தலுக்கு 30 நாள் முன்னால் கெடு முடிந்துவிடும்.

இங்கே வந்து ஆறு வருஷம், இப்போது சிட்டிசன். எந்த அலுவலகத்திலும் யாரும் என்னைக் கேட்டதே இல்லையே?
*- வாசகர், ஃபார்கோ, வடக்கு டகோட்டா*

உங்கள் மாநிலத்தில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது, சார். முகவரி உள்ள அடையாள அட்டையோடு போய் நில்லுங்கள்.