இரத்தினச் சரளையில் வந்த கறுப்புக் கல் யுரேனியமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இரத்தினபுரியிலிருந்து உறவினர் கொடுத்த இல்லத்தில் (இரத்தினக்கல் கிடைக்கும் சரளையில்), கனமான சிறு கறுப்புக் கற்கள் சில கிடந்தன. யுரேனியமாக இருக்குமோ? புற ஊதா டோர்ச் அடித்துப் பார்த்தேன், ஒளிரவில்லை. பயப்படத் தேவையில்லையா?"

டோர்ச்சை நம்ப வேண்டாம், தம்பி. ஓட்டுனைட் போன்ற சில மஞ்சள் யுரேனியக் கனிமங்கள் பச்சையாக ஒளிரும், உண்மைதான். ஆனால் யுரேனினைட், தோரியனைட் போன்ற கறுப்புக் கனிமங்கள் ஒளிர்வதில்லை. மாறாக, எந்தத் தீங்கும் இல்லாத கெம்புக்கல் சிவப்பாக மின்னும்.

சபரகமுவைக் கற்களில் நான் முதலில் சந்தேகப்படுவது தோரியனைட்டைத்தான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிம அளவைத் துறைக்குத் தலைமை வகித்த காலத்தில், 1904இல் உலகுக்கு அறிமுகமான கனிமம் அது. பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் கிடைத்தது. கதிர்வீசும் தோரியத்தோடு யுரேனியமும் கலந்திருக்கும். சிறு கனசதுரமாக, விளிம்பு தேய்ந்து, கறுப்பாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை நிறைதான். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும், செட்டியார் தெருவில் எந்தக் கடையிலும் இருக்கும். முதலில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் நீரில் தொங்க விடுங்கள். கல்லின் நிறையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். 2 கிராம் கல் என்றால் கறுப்பு ஸ்பினலுக்குச் சுமார் 0.55 காட்டும், இல்மனைட்டுக்கு 0.43 அளவில். தோரியனைட் என்றால் 0.22க்குக் கிட்டவே நிற்கும், அடர்த்தி 9க்கு மேல். காந்தத்தில் பாய்ந்து ஒட்டினால் அநேகமாக மக்னடைட், அதன் அடர்த்தி 5.2.

அடர்த்தி குறைவாக வந்ததென்று நிம்மதியாகிவிடவும் கூடாது. மொனசைட் என்ற கனிமத்தின் அடர்த்தி ஏறக்குறைய 5தான், அதிலும் தோரியம் உண்டு. எஹெலியகொடையில் 1953இல் எஃப். எல். டி. ஏகநாயக்க கண்டெடுத்த, தோரியம் கொண்ட பச்சை ஏகனைட்டுக்கு வெறும் 3.3. அது பச்சைச் சேர்கோன் போலவே தோன்றும். அதைப் பதக்கமாக்கி நெஞ்சோடு அணிய நான் யாருக்கும் சம்மதிக்க மாட்டேன். கதிர்த்தொழிற்பாடு உண்டா இல்லையா என்ற தீர்ப்பைக் கதிர் அளக்கும் கருவியான கைகர் எண்ணிதான் சொல்லும். கைத்தொலைபேசிச் செயலிகள் அதற்கு ஈடாகாது.

கல்லை உடைக்கவோ, உரசிக் கோடு பார்க்கவோ, பட்டை தீட்டக் கொடுக்கவோ வேண்டாம். இதை மன்றாடிக் கேட்கிறேன். அல்பாக் கதிரைத் தோலே தடுத்துவிடும், ஆனால் தூளாகி மூச்சோடு போனால் நுரையீரலுக்குள்ளேயே இருந்து தாக்கும். காமாக் கதிருக்குத் தூரமே நல்ல காவல்: இரண்டு மடங்கு விலகினால் கால்வாசியாகிவிடும். சிறு கல்லைச் சில நிமிடம் நிறுப்பதில் ஆபத்து மிகக் குறைவு, பிறகு கையைக் கழுவுங்கள். மூடிய டப்பாவில் பெயரெழுதி, படுக்கையறைக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ரேடன் வாயு கசியும் என்பதால்தான் காற்றோட்டம்.

ஒருகொடவத்தையிலுள்ள இலங்கை அணுசக்தி சபைக்கு முதலில் தொலைபேசியில் விவரம் சொல்லுங்கள். கல்லைக் கொண்டு வருவதா, எப்படி என்று அவர்கள் சொல்லும்வரை பஸ்ஸில் எடுத்துச் செல்ல வேண்டாம்.